ஸ்டார்கேட் திரும்புகிறது: விட்ட இடத்திலிருந்தா, முதலிலிருந்தா?

2025 நவம்பரில் அமேசான் புதிய ஸ்டார்கேட் தொடர் ஒன்றை அறிவித்தது. அதிலிருந்து புதுச்சேரியில் எங்கள் சின்னக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பழைய கதை விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்கிறார்கள் சிலர். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டும், ரீபூட்தான் சரி என்கிறார்கள் மற்றவர்கள். மாலையில் வண்டிகளை மறித்த பிறகு கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்து திரும்புவதற்குள் இந்தச் சண்டை ஒரு சுற்று முடிந்துவிடும். மறுவாரம் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்.

கூட்டத்தில் மூன்று பேரைப் பற்றிச் சொன்னால் போதும். ஒருவர் கடலூரிலிருந்து வரும் வங்கி ஊழியர். சுஜாதாவின் ஜீனோ வழியாக அறிவியல் புனைகதைக்குள் வந்தவர், தொடர்ச்சிக் கட்சி. இன்னொருவர் சொல்தா குடும்பத்துப் பேரன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். இவர் பள்ளிக்காலத்தைப் பிரான்ஸில் கழித்து, அங்கே எம்6 தொலைக்காட்சியில் சனிக்கிழமை மாலைகளில் ஸ்டார்கேட்டைப் பிரெஞ்சில் பார்த்து வளர்ந்தவர். அவர் ரீபூட் கட்சி. மூன்றாவது ஆள் கல்லூரி முடித்த தங்கை ஒருத்தி. அவள் எதையுமே பார்த்ததில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியை அவள்தான் கேட்டாள்: "அண்ணா, புதுசு வர்றதுக்குள்ள பழசு எல்லாத்தையும் நான் பார்த்து முடிக்கணுமா?"

ஸ்டார்கேட் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1928-ல் எகிப்தின் கீஸாவில் மண்ணுக்கடியிலிருந்து ஒரு பெரிய வளையம் கிடைக்கிறது. அதில் 39 குறிகள். ஏழு குறிகளைச் சரியான வரிசையில் போட்டால் வளையத்துக்குள் தண்ணீர்ப் பரப்பு மாதிரி ஒன்று தோன்றும். அதற்குள் காலை வைத்தால் வேறொரு கோளில் வெளியே வருவீர்கள். 1994-ல் ரோலண்ட் எமரிக் இயக்கிய படம் இதைத்தான் சொன்னது. 1997-ல் பிராட் ரைட்டும் ஜொனாதன் கிளாஸ்னரும் அதைத் தொலைக்காட்சித் தொடராக்கினார்கள். எஸ்ஜி-1 என்ற அந்தத் தொடர் பத்து சீசன், 214 எபிசோட். அதிலிருந்து கிளைத்த அட்லாண்டிஸ் 100 எபிசோட். கடைசியாக வந்த யுனிவர்ஸ் 40. மொத்தம் 354. தினம் ஒன்று பார்த்தாலும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும்.

புதுத்தொடரின் அறிவிப்பில் இருந்த பெயர்களே இரண்டு தரப்புக்கும் தீனி போட்டன. பொறுப்பு மார்ட்டின் கெரோவிடம். பழைய தொடர்களுக்கு எழுதியவர் அவர். பிராட் ரைட்டும் ஜோசப் மலோஸியும் ஆலோசகர்கள். "பார்த்தீங்களா, பழைய ஆளுங்க, அப்போ தொடர்ச்சிதான்" என்றார் வங்கி அண்ணன். ஆனால் அதே பட்டியலில் எமரிக்கும் அவரோடு படத்தை எழுதிய டீன் டெவ்லினும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைக்காட்சித் தொடரின் மீது என்றுமே பெரிய பாசம் இருந்ததில்லை. 2014-ல் அவர்கள் தொடரைக் கணக்கில் எடுக்காமல் புதிய மூன்று படங்களுக்குத் திட்டம் போட்டார்கள். அது 2016 வாக்கில் நின்றுபோனது. ஆக, பெயர்களை வைத்து ஜோசியம் பார்க்க முடியாது. எது நல்லது என்று பார்க்கலாம்.

(இனிமேல் பழைய தொடர்களின் முடிவுகள் வரும். வேண்டாம் என்பவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம்.)

தொடர்ச்சியாக எடுத்தால்

முதலில், கதை எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். எதிரிகள் எல்லோரும் முடிந்தாயிற்று. மனித உடலுக்குள் புகுந்துகொண்டு எகிப்தியத் தெய்வங்களாக வேஷம் போட்ட கோவாவுல்ட் ஒழிந்துவிட்டார்கள். இயந்திரப் பூச்சிகளான ரெப்ளிகேட்டர்கள் போயின. ஓரை என்ற கடைசிக் கூட்டத்தை 2008-ல் வந்த டிவிடி படம் ஒன்றில் முடித்தார்கள். எஸ்ஜி-1-இன் கடைசி எபிசோடில் அஸ்கார்ட் என்ற முதிர்ந்த இனம் தன் அறிவு முழுவதையும் பூமிக்கு எழுதி வைத்துவிட்டுத் தன்னை அழித்துக்கொள்கிறது. அதாவது 2007-லேயே பூமியிடம் நட்சத்திரக் கப்பல்கள் இருக்கின்றன, அந்தப் பகுதியில் யாரிடமும் இல்லாத ஆயுதம் இருக்கிறது.

இதுதான் தொடர்ச்சியின் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். ரசிகர்கள் நடிகர்களின் வயதைப் பற்றியே பேசுகிறார்கள். எஸ்ஜி-1-இல் கர்னல் ஓநீலாக நடித்த ரிச்சர்ட் டீன் ஆண்டர்சன் 75-ஐத் தாண்டிவிட்டார், ஜெனரல் ஹாமண்டாக நடித்த டான் எஸ். டேவிஸ் 2008-லேயே காலமாகிவிட்டார், உண்மைதான். ஆனால் வயதைக் கதைக்குள் கொண்டுவந்துவிடலாம். சக்தியைக் குறைப்பது கஷ்டம். முதல் சீசனில் நான்கு பேர் துப்பாக்கியோடு வளையத்துக்குள் போவார்கள். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது, திரும்பி வரக் குறிகளைப் போட முடியாமலும் போகலாம். பயம் அங்கே இருந்தது. பத்தாவது சீசனில் மாட்டிக்கொண்டால் மேலே நிற்கும் கப்பல் ஒரு ஒளிக்கற்றையில் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்தப் பூமியிலிருந்து கதையைத் தொடர்ந்தால் எழுத்தாளர் முதல் நாளே பயத்தைத் தொலைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அப்புறம் அட்லாண்டிஸ் நகரம். 2009-ல் அந்தத் தொடர் முடியும்போது ஒரு முழு நகரமே சான் பிரான்சிஸ்கோ கடலோரத்தில், கண்ணுக்குத் தெரியாத திரையை இழுத்துக்கொண்டு மிதக்கிறது. இத்தனை வருடமும் அங்கேயே கிடக்கிறதா? ஒரு மீன்பிடிப் படகுகூட அதில் முட்டவில்லையா? நம்ம வீராம்பட்டினத்துக்கு எதிரே அப்படி ஒன்று மிதந்தால் விடிவதற்குள் அதன் மேல் வலை காயும்.

ரகசியம் இன்னொரு தொல்லை. ஸ்டார்கேட் உலகம் நம் உலகம்தான். வளையம் இருப்பது பொதுமக்களுக்குத் தெரியாது, அவ்வளவே வித்தியாசம். எஸ்ஜி-1-இன் ஆறாவது சீசனில் அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்து சீனா, பிரிட்டன், பிரான்ஸ் தூதர்களைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வார்கள். இந்தியாவைக் கூப்பிடவில்லை. அதனால் புதுச்சேரியில் விஷயம் தெரிந்திருக்கக்கூடியது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்குத்தான் என்று எங்கள் சொல்தா பேரன் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். வேடிக்கை இருக்கட்டும். 2003-ல் நம்ப முடிந்த இந்த ரகசியம், எல்லோர் கையிலும் கேமரா இருக்கிற இன்று நிற்குமா? தொடர்ச்சி என்றால் நிற்கிறது என்று சாதிக்க வேண்டும், இல்லை எப்போது, எப்படி உடைந்தது என்று சொல்ல வேண்டும். இரண்டாவது சுவாரஸ்யமான கதைதான். ஆனால் ரகசியம் உடைந்த உலகம் நம் உலகமாக இருக்காது.

யுனிவர்ஸ் விட்ட இடமோ ரசிகர்களின் ஆறாத புண். 2011-ல் அது திடீரென்று நின்றபோது, கப்பலில் எல்லோரும் உறைதூக்கத்தில் இருக்கிறார்கள். ஈலை என்ற இளைஞன் மட்டும் விழித்திருக்கிறான், பழுதான கடைசிப் பெட்டியைச் சரிசெய்ய அவனுக்கு இரண்டு வாரம் இருக்கிறது. தூக்கம் மூன்று வருடம் என்று கணக்கு. கணக்குத் தப்பினால் ஆயிரம் வருடம்கூட ஆகலாம். தொடர்ச்சிக் கட்சி இதைத்தான் பெரிய ஆயுதமாக நீட்டும்: எங்கே வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாமே! ஆனால் உறைதூக்கத்தில் வயது கூடாது என்பது கதை. நடிகர்களுக்குக் கூடியிருக்கிறது. அதைச் சமாளிக்க ஒரு எபிசோட் முழுக்க விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும், பார்க்காதவர்களுக்கு அந்த விளக்கமே புரியாது.

பழைய நடிகர்களைக் கொண்டே தொடர்வது எப்படிச் சறுக்கும் என்பதற்கு எக்ஸ் ஃபைல்ஸ் ஒரு பாடம். 2016-ல் அதன் துப்பறியும் ஜோடி மல்டரும் ஸ்கல்லியும் திரும்பி வந்தபோது ஊரே கொண்டாடியது. ஆனால் பெரிய சதிக்கதையை மீண்டும் இழுத்தபோதெல்லாம் முடிச்சு மேல் முடிச்சு விழுந்தது. 2016 சீசன் முடிவில் உலகமே கொள்ளைநோயில் சாகிறது. 2018-ல் தொடங்கும்போது அது ஸ்கல்லி கண்ட காட்சி என்று சொல்லி அழித்துவிட்டார்கள். அதே மறுவரவில் பெரிய கதையோடு சம்பந்தமில்லாமல், ஓணான் மாதிரி ஒரு ஜந்து மனிதனாக மாறித் தவிக்கும் தனி எபிசோட் ஒன்று வந்தது. அதை இன்றும் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். ரசிகர்களுக்கு வேண்டியிருந்தது அந்த இருவரின் தோழமை. சதியின் அடுத்த அத்தியாயத்தை அவர்கள் அவ்வளவு கேட்கவில்லை.

ஆனால் "தொடர்ச்சி" எப்போதுமே சுத்தமாக இருந்ததா?

வங்கி அண்ணன் கோபித்துக்கொள்வார், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நாம் கட்டிக் காக்கிற இந்தத் தொடர்ச்சியே ஒரு சத்தமில்லாத திருத்தத்தில்தான் தொடங்கியது.

1994 படத்தில் அபைடோஸ் என்ற கோள் பிரபஞ்சத்தின் மறுகோடியில், வேறொரு கேலக்ஸியில் இருக்கிறது. 1997 தொடரில் அது பூமிக்கு மிகப் பக்கத்து முகவரி. படத்தில் ரா ஒரு வேற்றுக்கிரக உருவம், ஒரு மனிதச் சிறுவனின் உடலை எடுத்துக்கொண்டவன். தொடரில் அவன் கழுத்துக்குள் புகும் பாம்புப் புழு இனத்தைச் சேர்ந்தவன். கர்னல் ஓநீலின் இறந்துபோன மகனுக்குப் படத்தில் ஒரு பெயர், தொடரில் இன்னொரு பெயர். கர்னலின் பெயரிலேயே ஒரு எழுத்துக் கூடிவிட்டது. படத்தில் கர்ட் ரஸ்ஸல் சாகத் தயாராக இருக்கும் இறுகிய மனிதர். தொடரில் ஆண்டர்சன் மேலதிகாரியிடமே கிண்டலடிப்பவர். தொடரில் அவரே ஓரிடத்தில் சொல்வார்: ஒரு எழுத்துக் குறைவான பெயரில் இன்னொரு கர்னல் இருக்கிறார், அவருக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது என்று.

யாரும் இதற்காகப் போராடவில்லை. ஏனென்றால் முக்கியமானவை அப்படியே இருந்தன. வளையம் இருந்தது, மகனை இழந்த அப்பாவின் வலி இருந்தது, ஆய்வாளர் டேனியல் ஜாக்சன் யாருக்காக அபைடோஸில் தங்கிவிட்டாரோ அந்த மனைவி இருந்தாள். உணர்ச்சி தாங்கி நின்ற செய்திகளை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினார்கள். தொடர்ச்சியா ரீபூட்டா என்ற சண்டையில் இது கண்ணில் படுவதேயில்லை. எல்லோரும் எத்தனை சதவீதம் பழையது என்று அளக்கிறார்கள். எந்தப் பகுதி பழையது என்பதல்லவா கேள்வி?

ரீபூட்டாக எடுத்தால்

ரீபூட் கட்சியின் துருப்புச்சீட்டு பேட்டில்ஸ்டார் கேலக்டிகா. நியாயமான சீட்டு.

1978-ல் வந்த மூலத்தொடர் ஒரே சீசனில் முடிந்தது. 1980-ல் அதைத் தொடர்ந்து எடுத்த இன்னொன்று பத்து எபிசோடில் படுத்துவிட்டது. மூலத்தில் அப்பல்லோவாக நடித்த ரிச்சர்ட் ஹாட்ச் விடவில்லை. கதை தொடர வேண்டும் என்று சொந்த முயற்சியில் ஒரு முன்னோட்டப் படமே எடுத்து ரசிகர் கூட்டங்களில் காட்டினார். 2001-ல் பிரையன் சிங்கர் தொடர்ச்சியாகவே ஒன்று எடுக்கத் தயாரானார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு வேலை தள்ளிப்போய், அவர் வேறு படத்துக்குப் போக, அது கைவிடப்பட்டது. 2003-ல் ரொனால்ட் டி. மூர் கொண்டுவந்ததோ முழு ரீபூட். மூலத்தில் ஆணாக இருந்த விமானி ஸ்டார்பக் பெண்ணானாள். இயந்திர எதிரிகளான சைலான்களை மனிதர்களே படைத்தார்கள் என்று மாற்றினார்; அவர்களில் சிலர் பார்ப்பதற்கு மனிதர்கள் போலவே இருந்தார்கள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஹாட்ச் முதலில் கசந்தார், பிறகு அதே புதுத்தொடரில் டாம் ஸாரெக் என்ற கலகக்காரனாக நடித்தார். அவர் நடித்த காட்சிகளைப் பார்த்தால், பழைய அப்பல்லோ புதிய அப்பல்லோவை எதிர்த்து நிற்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

ரீபூட் நமக்கு அந்நியமே இல்லை. கடலூர், விழுப்புரம், புதுச்சேரிக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழாவில் வருடா வருடம் பாரதக் கூத்து நடக்கிறது. படுகளத்தில் துரியோதனன் விழுவான் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த ஜமாவின் துரியோதனன் எப்படி வருகிறான், கட்டியங்காரன் இந்த வருடத்து ஊர்ச் செய்தியை எங்கே செருகுகிறான் என்று பார்க்கத்தான். போன வருடம் நடந்ததற்கு இது தொடர்ச்சியா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் கூத்துக்கு ஒவ்வொரு முறையும் கட்டியங்காரன் இருக்கிறான். இன்றைய நாளைக் கதைக்குள் இழுத்து வருகிறவன். மூரின் ரீபூட்டிலும் அது இருந்தது. 1978-ல் போகிறபோக்கில் கடந்துபோன ஒரு பேரழிவை, 2003-ல் அமெரிக்கா இருந்த மனநிலையில் அவர் உட்கார்ந்து யோசித்தார். சில மணி நேரத்தில் எல்லாம் போனபின் மிஞ்சியவர்கள் எப்படி வாழ்வார்கள், பயத்தில் என்னென்ன செய்வார்கள் என்று. ஸ்டார்கேட்டை மறுபடி முதலிலிருந்து சொல்ல அப்படி என்ன காரணம் இருக்கிறது? "வளையம் முதல்முறை திறக்கும் காட்சியை நவீன கிராஃபிக்ஸில் பார்க்கணும்" என்பதுதான் சொல்தா பேரனின் பதில். எனக்கும் ஆசைதான். ஆனால் அது ஒரு காட்சிக்குப் போதும், ஒரு தொடருக்குப் போதாது.

அதோடு, ரீபூட் என்றால் அடிப்படைக் கருத்தை மறுபடி மேடையேற்ற வேண்டும்: பிரமிடுகள் வேற்றுக்கிரகக் கப்பல்கள் இறங்கும் தளங்கள், பழைய தெய்வங்கள் எல்லாம் ஏமாற்றுக்கார அந்நியர்கள். 1994-ல் இது ஜாலியான கற்பனை. இன்று தஞ்சைப் பெரிய கோயிலை ஏலியன் கட்டியது என்று வாட்ஸ்அப்பில் வந்து விழும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ராஜராஜன் காலத்துச் சிற்பிகள் கல்லில் எழுதி வைத்த பிறகும் இப்படி. எகிப்தியர்களுக்கும் அதே எரிச்சல் இருக்காதா? தொடர்ச்சியில் இந்தக் கதையை ஏற்கனவே சொல்லி முடித்தாயிற்று, அதைத் தாண்டிப் போய்விடலாம். ரீபூட்டில் முதல் எபிசோடிலேயே அதை மறுபடி சொல்ல வேண்டும், அல்லது வளையத்துக்குப் புதிய பூர்வீகம் கண்டுபிடிக்க வேண்டும். ரீபூட் கட்சி இதைப் பற்றி யோசித்ததாகவே தெரியவில்லை.

துணிந்து செய்கிறார்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. வளையம் கீஸாவில் கிடைக்க வேண்டாம், அமெரிக்க விமானப்படையின் மலைக்குள் ஒளிந்திருக்கவும் வேண்டாம். முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரிந்த வளையம். யார் போவது, யார் அனுமதிப்பது என்று நாடுகள் அடித்துக்கொள்கிற கதை. சைலான்களை மூர் மாற்றியதற்கு இணையான மாற்றம் அது. அந்த அளவுக்குப் போகத் துணிவில்லை என்றால் ரீபூட்டைத் தொடாமல் இருப்பதே மேல்.

இரண்டும் கெட்டான் வழி

காலத்தை வளைத்து இன்னொரு டைம்லைன் உண்டாக்குவது. 2009 ஸ்டார் ட்ரெக் படம் இதைச் செய்தது. எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் நாயகன் கர்க்கின் அப்பாவைக் கொன்றுவிட, அங்கிருந்து வரலாறு பிரிந்துபோகிறது. கர்க்கின் நண்பன் ஸ்பாக்கின் முதிய வடிவமாக, மூலத்தொடரில் அவனாக நடித்த லெனார்ட் நிமாயே வந்து நின்றார். பழையது அழியவில்லை, வேறெங்கோ பத்திரமாக இருக்கிறது என்று ரசிகர்களுக்குச் சமாதானம். தந்திரம் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் 2013-ல் வந்த அடுத்த படம் அந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு, 1982 படத்தின் சாவுக் காட்சியை ஆள் மாற்றித் திரும்ப எடுத்தது. வேறு பாதை கிடைத்தும் பழைய தடத்திலேயே நடந்தார்கள். மூன்று படத்தோடு அது நின்றது. 2017-ல் தொலைக்காட்சிக்கு வந்தபோது பழைய டைம்லைனுக்கே திரும்பிவிட்டார்கள். ஸ்டார்கேட்டில் மாற்று உலகங்களும் காலப்பயணமும் ஏற்கனவே ஏராளம். இன்னொன்று சேர்ப்பது சுலபம், அதனாலேயே சுவை இருக்காது.

அதே உலகம், புது ஆட்கள்

எனக்குப் பிடித்த வழி இதுதான். இதற்கு உதாரணம் 2005-ல் திரும்பி வந்த டாக்டர் ஹூ.

1963-ல் தொடங்கி 1989-ல் நின்ற பிரிட்டிஷ் தொடர் அது. நாயகன் டாக்டர், சாகும் நிலையில் வேறு உருவத்துக்கு மாறிக்கொள்ளும் காலப்பயணி. 1996-ல் ஒரு தொலைக்காட்சிப் படமாக எழுப்பிப் பார்த்தார்கள். அதில் தொடங்கும்போதே ஸ்காரோ, டாலெக்குகள், மாஸ்டர், டைம் லார்டுகள் என்று பெயர்களாகக் கொட்டினார்கள். போதாததற்குப் பழைய டாக்டர் வந்து, செத்து, புதிய டாக்டராக மாறிய பிறகே கதை நகர்ந்தது. அறியாதவர்களுக்கு யார் எவர் என்றே விளங்கவில்லை. தொடராக அது வளரவில்லை.

2005-ல் ரஸ்ஸல் டி. டேவிஸ் செய்ததைக் கவனியுங்கள். தொடர்ச்சியை அவர் விடவே இல்லை. ஆனால் முதல் எபிசோட் லண்டன் துணிக்கடையில் வேலை செய்யும் ரோஸ் என்ற பெண்ணின் கண்வழியாகப் போகிறது. கடைப் பொம்மைகள் உயிர்பெற்றுத் துரத்துகின்றன. 1970-லிருந்து பார்த்தவர்களுக்கு அவை ஆட்டான்கள் என்ற பழைய எதிரிகள். ரோஸுக்கும் புதிய பார்வையாளருக்கும் வெறும் பொம்மைகள். டாக்டரின் சொந்தக் கோள் அழிந்துவிட்டது என்ற செய்தி இரண்டாவது எபிசோடில்தான். பரம எதிரியான டாலெக் வருவது ஆறாவதில். பழைய தோழி சாரா ஜேனும் இயந்திர நாய் கே-9-ம் வருவதற்கு 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பழைய டாக்டர்களின் முகங்கள் ஒரு குறிப்பேட்டில் எட்டிப்பார்த்தது 2007-ல். கடனை வட்டியோடு கொடுத்தார், ஆனால் தவணையில். அதோடு, டாக்டரின் இனமே போரில் அழிந்தது என்ற ஒரே முடிவால், இருபத்தாறு வருடச் சட்டதிட்டங்களையும் சபைகளையும் ஓரங்கட்டிவிட்டு அவரைத் தனி ஆளாக்கினார். அழித்ததும் கதைதான், அதன் துக்கம்தான் அடுத்த பல வருடங்களுக்குத் தீனி.

ஸ்டார்கேட்டுக்கு வேண்டியது இதே வேலை. பூமியின் கப்பல்கள், அஸ்கார்ட் ஆயுதம், கடலோர நகரம் மூன்றையும் ஏதோ ஒரு நிகழ்ச்சி பறித்துக்கொள்ள வேண்டும். திட்டத்தை மூடிவிட்டார்கள், வளையம் கிடங்கில் தூங்குகிறது, பல வருடம் கழித்து ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ திறக்கிறார்கள் என்று தொடங்கினால், தெரிந்தவருக்கு வயிறு கலங்கும், தெரியாதவருக்கு ஒரு மர்மக் கதை தொடங்கும். இரண்டு பேரும் ஒரே காட்சியைத்தான் பார்க்கிறார்கள்.

கெரோவின் முந்தைய வேலையும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. 2022-ல் திரும்பி வந்த குவாண்டம் லீப்பை நடத்தியவர் அவர். மூலக்கதையின் நாயகன் காணாமல் போய் முப்பது வருடம் கழித்து, புது ஆள் ஒருவன் அதே காலப்பயண இயந்திரத்துக்குள் குதிக்கிறான். மூல நாயகன் ஸ்காட் பக்குலா நடிக்க மறுத்துவிட்டார். அப்போதும் அவரது நண்பரின் மனைவி, மகள் வழியாகப் பழைய கதையின் இழையை மெல்லிசாக ஓடவிட்டார்கள். இரண்டு சீசனில் நின்றுபோனது என்பதையும் சொல்ல வேண்டும். பாதை சரியாக இருந்தாலே வெற்றி என்று இல்லை.

தொனி என்கிற மூன்றாவது விஷயம்

தொடர்ச்சியை முழுதாகக் காப்பாற்றியும் ரசிகர்களை இழந்த தொடர் ஸ்டார்கேட்டிலேயே இருக்கிறது. யுனிவர்ஸ். எஸ்ஜி-1-இன் கார்ட்டர், ஓநீல், ஜாக்சன் எல்லோரும் தலைகாட்டினார்கள், கேனன் (ஏற்கப்பட்ட கதை வரலாறு) பிசகவில்லை. ஆனால் முந்தைய தொடர்களின் சிரிப்பு போய்விட்டது. இருட்டான கப்பல், ஒருவரையொருவர் நம்பாத ஆட்கள், ஆடும் கேமரா. பேட்டில்ஸ்டாரின் சாயல் என்று பலரும் சொன்னார்கள். பழைய ரசிகருக்குத் தன் வீட்டில் அந்நியர் குடியேறிய மாதிரி இருந்தது. புதியவரோ முன்கதை தெரிய வேண்டும் போலிருக்கிறதே என்று ஒதுங்கிப் போனார். எனக்கு அந்தத் தொடர் பிடிக்கும், இரண்டாவது சீசன் ரொம்பவே பிடிக்கும். ஆனாலும் ஏன் நின்றது என்று புரிகிறது.

ஆகவே தொடர்ச்சிக் கட்சியிடம் நான் கேட்பது இதுதான்: ஓநீல் ஒரு காட்சியில் வந்து போவது வேண்டுமா, நான்கு பேர் சாவின் விளிம்பிலும் கிண்டலடித்துக்கொள்வது வேண்டுமா? ஒன்றுதான் கிடைக்கும் என்றால் இரண்டாவதை எடுத்துக்கொள்வேன். வங்கி அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை. "ரெண்டும் வேணும்பா" என்று மட்டும் சொன்னார்.

சரி, இப்போது என்ன பார்ப்பது?

தங்கையின் கேள்விக்கு வருவோம். 354-ம் வேண்டாம். எந்த வழியில் வந்தாலும் வீணாகாத கொஞ்சத்தைப் பார்த்தால் போதும்.

1994 படத்தை முதலில். அடுத்து 1997-ன் தொடக்க எபிசோட், சில்ட்ரன் ஆஃப் தி காட்ஸ். மூலப் பதிப்பில் ஒரு நிர்வாணக் காட்சி உண்டு. வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்ப்பதென்றால் அதை நீக்கி 2009-ல் மறுதொகுப்பு செய்த பதிப்பைத் தேடிக்கொள்ளுங்கள். படத்தையும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நான் மேலே சொன்ன திருத்தங்கள் தாமாகவே தெரியும். இரண்டாவது சீசனிலிருந்து தி ஃபிஃப்த் ரேஸ்: ஓநீலின் மண்டைக்குள் ஒரு நூலகமே இறங்கிவிடுகிறது. நான்காவதிலிருந்து விண்டோ ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி: ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது, ஓநீலும் அவர் குழுவைச் சேர்ந்த டீல்க்கும் சலித்துப்போய் வளையத்துக்குள் கோல்ஃப் பந்து அடிக்கிறார்கள். இந்தத் தொடரின் தொனி என்னவென்று ஒரே எபிசோடில் தெரிய வேண்டுமானால் இதுதான். ஏழாவதிலிருந்து ஹீரோஸ், இரண்டு பாகம், கைக்குட்டையோடு உட்காருங்கள். இவ்வளவும் பிடித்திருந்தால் மட்டும் நடுவில் இருப்பதை விருப்பம்போல நிரப்பிக்கொண்டு, பத்தாவது சீசனின் கடைசி எபிசோடுக்கு வரலாம்.

அட்லாண்டிஸ் அவசரமில்லை. யுனிவர்ஸை, முடியாத கதையைத் தாங்க முடியாதவர்கள் இப்போதைக்குத் தொட வேண்டாம். புதுத்தொடர் ரீபூட் என்று தெரிந்தால் அந்த நாற்பதைத் தைரியமாகத் தள்ளிவைக்கலாம். தொடர்ச்சி என்று உறுதியானால் தினம் ஒன்றாகப் பார்த்தாலும் ஒன்றரை மாதத்துக்குள் முடிந்துவிடும்.